கட்டம் சொன்னதும் நாம் சொல்லாததும்

கூடப் பிறந்த என் பாலு அண்ணாவுக்கு,

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. மாடி அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாச்சு. புயலில் விழுந்த நம் தெரு வேப்பமரங்களின் அடிக்கட்டையைக்கூட வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் இப்போது வெயில் நேராக வீட்டுக்குள் வந்து விழுகிறது.

உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு ஏழு வருஷம் இருந்தது. நீ மாடியில், நான் கீழே. ஒரே படிக்கட்டு. சொல்லவில்லை. இப்போது எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன். என்னை மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்கும் யாராவது ஒருத்தர் படித்தால் போதும்.

மல்லிகா அண்ணி சுனாமி வந்த அன்றைக்குக் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போனாங்க. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அப்படியே மீன் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனதாக நீதான் பிறகு சொன்னாய். உனக்கு சிப்காட்டில் முதல் ஷிப்ட். லேப்பில் நின்று ஏதோ பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் ஓடிவந்து, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று சொன்னாராம். நீ சிரித்தாயாம். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாய்.

நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்தேன். அந்த ஞாயிறும் திங்களும் நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மதியம் ஒரு வண்டி வந்தது. அதில் வந்தவர்களில் ஒரு பெண். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. புடவை இல்லை. கழுத்தில் காதில் ஒன்றும் இல்லை. நம்பர் கட்டுவதற்காக மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கினேன். வலது விலாவுக்குக் கீழே ஒரு ஆபரேஷன் தழும்பு. கீழ் முனையில் லேசாகக் கோணியிருந்தது.

அண்ணிக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆனது உனக்கு ஞாபகம் இருக்கும். தையல் பிரித்தது நான்தான். கடைசித் தையலில் என் கை பிசகி, அந்த இடம் கோணலாக ஆறியது. "ஏன் சுமதி, நாத்தனார் வேலைய காமிச்சிட்டியா?" என்று அண்ணி கேலி பண்ணினாங்களே, அந்தத் தழும்பு.

எனக்கு சந்தேகமே இல்லை, அண்ணா. படம் எடுக்க வந்த போலீஸ்காரர் கேட்டார், "சிஸ்டர், யாருன்னு ஏதாவது அடையாளம் தெரியுதா?"

"தெரியல சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நீ அப்போது சிதம்பரம் பக்கம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அண்ணியின் போட்டோவோடு அலைந்துகொண்டிருந்தாய். தெரியும் என்று சொன்னால் உன்னைக் கூப்பிட்டு அந்த முகத்தைக் காட்ட வேண்டும். பதினோரு வருஷம் நீ பார்த்த முகத்துக்கு மேலே இதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலத்துக்குள் அடக்கம் பண்ணுகிறார்கள், அண்ணன் வந்தால் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் யோசனை. நாற்பத்தொன்று என்று நம்பர் கட்டினேன். லாரி போய்விட்டது.

மறுநாள் நீ வந்தாய். அடையாளம் தெரியாதவர்களின் படங்களை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாய். நான் உன் பக்கத்தில் நின்றேன். நாற்பத்தொன்றைத் தாண்டிப் போனாய். "நல்லவேளை, இதுல மல்லிகா இல்ல சுமதி" என்று என் கையைப் பிடித்தாய். உன் கை சூடாக இருந்தது. அப்போது எப்படிச் சொல்ல?

அதற்கப்புறம் பதினைந்து நாள் நீ சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை. என் வீட்டுக்காரர் தட்டோடு மாடிப்படி ஏறி இறங்குவார். "மச்சான், ஒரு வாய் சாப்புடுங்க மச்சான். நீங்க சாப்புடாம நான் எப்பிடி மில்லுக்குப் போறது?" நெல்லிக்குப்பம் போகிற பஸ்ஸை அவர் தவறவிட்டதுதான் மிச்சம்.

இனி தாங்காது, நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நான் முடிவெடுத்த அன்றைக்குத்தான் உன் கம்பெனி நண்பர் ஒருவர் உன்னைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப் போனார். கோயில் வீதி ஒன்றில் ஆன்மிகப் புத்தகக் கடை. கடைக்காரர் பிரசன்னமும் பார்ப்பார். ஜாதகம் வேண்டாம், நீ கேள்வி கேட்கிற அந்த நேரத்துக்குக் கட்டம் போட்டுப் பலன் சொல்வார். "உயிர் இருக்கு. தெற்கே, தண்ணி இருக்கிற ஊர்ல, யாரோ ஒரு பொம்பளை பாத்துக்குது" என்று சொன்னாராம்.

நீ யாரப்பா? பெரியார் திடலில் பொங்கல் சாப்பிட்டவன் மாதிரி பேசுவாய். வீட்டில் அண்ணி ராகுகாலம் பார்த்தால்கூட கிண்டல் பண்ணுவாய். ஆனால் அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சுமதி, பசிக்குது. என்ன இருக்கு?" என்று கேட்டாய். சோறும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் இருந்தது. மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டாய். சாப்பிட்டுக்கொண்டே, "வந்துடுவா இல்ல?" என்றாய்.

"வந்துடுவாங்கண்ணா" என்றேன்.

அன்றைக்கு நான் சொன்னது இரண்டாவது பொய். அதற்கப்புறம் எத்தனையாவது என்று எனக்கே தெரியாமல் போனது.

அந்தக் கடையிலிருந்து நீ வாங்கி வந்த முதல் புத்தகம் பிரசன்னம் பற்றியதுதான். அவர் சொன்னது சரியா என்று நீயே பார்க்க வேண்டுமாம். லேப் ஆள் இல்லையா, சோதித்துப் பார்க்காமல் உனக்கு எதுவும் ஆகாது. பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் சிதம்பரம் பஸ். சகுனம் பார்க்கிற புத்தகம், கனவுக்குப் பலன் சொல்கிற புத்தகம், இறந்தவர்கள் போகிற உலகம் பற்றி ஒன்று, மூச்சுப் பயிற்சி பற்றி ஒன்று, சித்தர்கள் பேரில் யார் யாரோ எழுதின குண்டு குண்டான தொகுதிகள். மாடியில் மூன்று அலமாரி நிறைந்தது. லீவு நாளில் பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று தெற்கே இறங்கிப் போய் அண்ணியின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தாய். காணாமல் போனவர்களை இறந்தவர்களாகப் பதிவு செய்ய தாசில்தார் ஆபீஸிலிருந்து ஆள் வந்தபோது, "என் பொண்டாட்டி உசுரோட இருக்கா, சார். கையெழுத்து போட மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினாய். நான் உள்ளே அடுப்பை அணைத்துவிட்டு, சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு புத்தகத்தை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. அந்த மெலிசான தியானப் புத்தகம். கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை எண்ணு, மனசு வேறெங்காவது போனால் கோபப்படாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பி. அவ்வளவுதான் அதில். அதைப் படித்த மாதம்தான் நீ மாத்திரை இல்லாமல் தூங்கினாய். நீ போனபிறகு நானும் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு வரைக்கும்தான் போகிறது.

இரண்டாவது வருஷத்திலிருந்து உன்னைத் தேடி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். லேப்காரர் பார்த்துச் சொல்கிறார், எதுவும் வாங்குவதில்லை என்று கடலோரத்தில் பேச்சு பரவிவிட்டது. பிணம் கிடைக்காத வீட்டுக்காரர்கள். அவர்களிடம் இருந்தது கேள்வி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு எங்கே போவார்கள்?

தேவனாம்பட்டினத்து அஞ்சலை அப்படித்தான் வந்தது. மூத்த பெண் தேவி கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கிடைக்கவே இல்லை. நீ கட்டம் போட்டாய். விரலை மடக்கி எண்ணினாய். "உசுரு இருக்கும்மா. நேரம் வரும்போது வருவா" என்றாய். அஞ்சலை உன் காலில் விழப் போனது. நீ பதறிப்போய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாய்.

ஆறு வருஷம், ஒவ்வொரு மாதமும் அஞ்சலை வந்தது. அதே கேள்வி, அதே பதில். மூத்தவள் வராமல் சின்னவளுக்குக் கல்யாணம் பண்ண மாட்டேன் என்று நின்றுவிட்டது. பெண் கேட்டு வந்தவர்களெல்லாம் பார்த்துப் பார்த்து வேறு இடம் போனார்கள். சின்னவள் செல்விக்கு இருபத்தேழு ஆகிவிட்டது என்று அஞ்சலையே ஒருநாள் என்னிடம் சொன்னது.

அன்றைக்குத்தான் உன்னிடம் கேட்டேன். "ஏண்ணா, வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பலனா வருது?"

நீ நோட்டை மூடினாய். "அவுங்க மூஞ்சிய பாத்தா எனக்கு அதுதான் தெரியுது."

"கட்டத்துல?"

"கட்டத்த யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் என் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே இருந்தேன். உன்னுடையது கண்ணில் படவில்லை.

தானே புயல் அடித்த அந்த விடிகாலை. உன் அறை ஜன்னல் தெறித்து விழுந்த சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. என் வீட்டுக்காரர் ஏறி வந்து பார்த்தபோது நீ அலமாரிகள் மேல் தார்ப்பாயைப் போட்டு, இரண்டு கையையும் விரித்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். மழை நேராக உன் முதுகில் அடித்தது. "வுட்டுட்டு வாங்க மச்சான்! புஸ்தகம்தானே!" என்று அவர் கத்தினார். நீ நகரவில்லை. காற்று அடங்கும் வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றாய். அவரும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கு முன்பே நீ ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டாய். உடம்பில் என்ன இருந்தது? மூன்றாம் நாள் காய்ச்சல். கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம், ஆஸ்பத்திரியில் கூட்டம். "மூச்சுப் பயிற்சி பண்றேன், சரியாயிடும்" என்றாய். நான் நர்ஸ். உன் மூச்சு இரைக்கிற விதத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு இரண்டு நாள் விட்டேன். உன்னை வற்புறுத்திச் சொல்கிற பழக்கமே எனக்கு அற்றுப்போயிருந்தது, அண்ணா. ஒன்றை மறைத்தவளுக்கு மற்றதைச் சொல்லவும் குரல் எழும்பாது.

ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு போனோம். நுரையீரல் முழுக்க சளி கட்டியிருந்தது. பொங்கலுக்கு மறுநாள் நீ போனாய். கடைசியாக நீ பேசியது தண்ணீர் கேட்டுத்தான். அண்ணி பேரைச் சொல்லவில்லை. சொல்லுவாய், அப்போதாவது உன் காதில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

கருமாதி முடிந்து மாடியைச் சுத்தம் பண்ணும்போது உன் நோட்டுகள் கிடைத்தன. நான்கு நோட்டு. வந்தவர்கள் பேர், கேட்ட நாள், நேரம், கட்டம். முதல் நோட்டைத் திறந்தேன். நீ பிரசன்னம் படிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும், பங்குனி மாதம் என்று போட்டிருந்தது. தனியாக ஒரு பக்கம். மேலே "மல்லிகா" என்று எழுதி, கீழே கட்டம். எட்டாம் இடத்தில், அதுதான் ஆயுளைச் சொல்கிற இடமாம், மூன்று தடவை பேனாவால் வட்டம் போட்டிருந்தாய். காகிதம் கிழிகிற அளவுக்கு. அதன் கீழே உன் கையெழுத்து.

"இல்லை. போய்விட்டாள். சுமதியிடம் சொல்ல வேண்டாம். அவள் வந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்."

ஈரத்தில் மை கலங்கியிருந்தது. ஆனாலும் தெளிவாகப் படிக்க முடிந்தது. நான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்று உலுக்கினார். நோட்டை நீட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவரிடமும் முதல் தடவையாக நாற்பத்தொன்றாம் நம்பரைப் பற்றிச் சொன்னேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு, "ரெண்டு பேரும் சேந்து ஒரு நாளு அழுதிருக்கலாமே" என்றார்.

அண்ணா, தெரிந்த பிறகும் ஏன் போட்டோவை எடுத்துக்கொண்டு அலைந்தாய்? கட்டத்தை நம்பவில்லையா? இல்லை, நீ தேடுவதை நிறுத்தினால் நான் இடிந்துபோவேன் என்றா? எனக்காகவா அந்த பஸ் பயணமெல்லாம்? இதை யாரிடம் கேட்பது? கேள்வி கேட்ட நேரத்துக்குக் கட்டம் போட இப்போது நீயும் இல்லை.

போன மாதம் உன் புத்தகங்களை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனேன். அந்தக் கடைக்காரரைப் பார்க்க வேண்டியிருந்தது. நீ சொல்லிச் சொல்லி நான் பெரிய தாடியோடு ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். சாதாரண ஆள். சட்டைப் பையில் இரண்டு பேனா. உன் பேரைச் சொன்னதும், "அடடா, வியாழக்கிழமை ஆளு! நல்ல மனுஷனாச்சே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"அவரு மொத மொதல்ல வந்தப்ப, உயிர் இருக்குன்னு சொன்னீங்களே. எப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

யோசித்துப் பார்த்தார். "அந்த வருஷம் எவ்வளவோ பேர் வந்தாங்கம்மா. யாருக்கு என்னா சொன்னேன்னு எப்பிடி ஞாபகம் இருக்கும்?" என்றார். பிறகு லாரியில் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அப்பளம் மாதிரி உடைந்தன. "நனைஞ்சத வாங்கிக்க முடியாதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

சண்டை போடத்தான் போனேன். போடவில்லை. அவராவது மறந்துவிட்டார். நான் தெரிந்தே சொன்னவள். எந்த வாயால் அவரைக் கேட்பேன்? புத்தகங்களைத் திரும்பக் கொண்டு வந்து பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். தியானப் புத்தகத்தையும் உன் நோட்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை வீட்டுக்குப் போனேன். இப்போது சுனாமிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். நீ போனது தெரிந்து வந்து அழுதுவிட்டுப் போனதுதான், அப்புறம் வரவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஏதாச்சும் எழுதி வெச்சிட்டுப் போயிருக்காராம்மா எங்க தேவியப் பத்தி?" என்றது.

எழுதித்தான் வைத்திருந்தாய். கட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை நோட்டு முழுக்கப் பார்த்தேன். அண்ணி பக்கத்திலும், "போய்விட்டாள்" என்று எழுதியதற்கு மேலே, அதே கோடு.

"அக்கா, எங்க அண்ணன் வந்தவங்க எல்லாருக்கும் உசுரு இருக்குன்னுதான் சொன்னாரு. ஒருத்தருக்குக்கூட வேற சொல்லல. மனசு கேக்காம சொன்னாரு. எங்க அண்ணியே அன்னிக்கே செத்துட்டாங்க. நான் என் கண்ணால பாத்தேன். பாத்துட்டு சொல்லல."

அஞ்சலைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் என் தோளைப் பிடித்துத் தள்ளியது. கதவில் போய் இடித்துக்கொண்டேன். "ஆறு வருஷம்டி! ஆறு வருஷம் நடந்தேன்டி உங்க வூட்டுக்கு! என் சின்னப் பொண்ணு நரைச்சுப் போறாடி! அப்ப எங்கடி போச்சு உன் வாயி?" பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "உங்க அண்ணன் சாமிடி! நீதான் பொய் சொல்ற! போயிடு!" என்றது. திட்டும்போதும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை பார்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் செல்வி பின்னாலேயே வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னாள்: "எங்கம்மா இன்னிக்குத்தாங்க்கா எங்கக்காவுக்கு அழுவுறாங்க. இத்தினி வருஷத்துல ஒரு வாட்டி அழுது நான் பாத்ததில்ல." என் தோளில் சேலை கிழிந்திருந்த இடத்தைச் சரிபண்ணி ஊக்கு ஒன்று குத்திவிட்டாள்.

தாசில்தார் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாற்பத்தொன்றாம் நம்பர் என் அண்ணி மல்லிகா, கணவர் பேர் பாலகிருஷ்ணன் என்று. அங்கே இருந்தவர், "ஏம்மா, இவ்வளவு வருஷம் கழிச்சு?" என்றார். "இவ்வளவு வருஷம் ஆச்சு சார் வாய் தொறக்க" என்றேன். பழைய படங்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடக்கம் பண்ணின இடத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போய் வந்தோம். மேடும் இல்லை, கல்லும் இல்லை. எந்தப் பக்கம் அண்ணி என்று தெரியாமல் நடுவில் நின்று உன் பேரையும் அவங்க பேரையும் சேர்த்துச் சொன்னேன்.

உன் நோட்டில் அஞ்சலையோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் எழுதியிருக்கிறாய். ஊரும் தெருவும்கூட இருக்கிறது. பாதிப் பேர் இன்னும் கதவைத் தாழ்போடாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீ என்ன சொன்னாய், ஏன் சொன்னாய் என்று போய்ச் சொல்வேன். அவர்கள் வீட்டுப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டு வருவேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டோடு வந்து இருக்கிற ஒரு அம்மாவிடம் முதலில் போகிறேன். பதினெட்டு வீட்டுக்கும் போவேன், அண்ணா.

உன்னை நம்பவைத்து, உன்னால் நம்பவைக்கப்பட்ட,
உன் ஒரே தங்கச்சி
சுமதி